அப்பாவின்ரை முழங்கால் நோவு: கஞ்சாவிலை இண்டிகா, சட்டீவா, சி.பி.டி. எண்டால் என்னெண்டு விளங்கப்படுத்துங்கோ

மால்வேர்ன்_மகள் எழுதியது:

வணக்கம். இதை முகநூலிலை கேக்கேலாது, சொந்தக்காரர் முழுப்பேரும் அங்கைதான் இருக்கினம். அதாலை இஞ்ச கேக்கிறன்.

என்ரை அப்பாவுக்கு 71 வயது. ரண்டு முழங்காலும் தேய்மானம். இரவிலை ரண்டு மூண்டு தரம் எழும்பிக் கட்டில் விளிம்பிலை இருந்து காலைத் தடவிக்கொண்டிருப்பார். போன மாதம் அவரோடை காலமை நடக்கிற ஐயா ஒருத்தர் ரிஷ்யூவிலை சுத்தி ரண்டு கம்மீஸ் (கஞ்சா போட்ட ஜெலி இனிப்பு) குடுத்துவிட்டிருக்கிறார். "படுக்க முதல் ஒண்டைப் போடும், விடியுமட்டும் நித்திரை" எண்டாராம். அப்பா வாயிலை வைக்கேல்லை. வீட்டை கொண்டுவந்து என்ரை கையிலை தந்திட்டார். இப்ப அது குளிர்ப்பெட்டிக் கதவிலை, முட்டைத் தட்டுக்குப் பக்கத்திலை இருக்கு. சிவப்புச் சதுரம், மேலை சீனி. ஒரு எழுத்தும் இல்லை.

ஊரிலை இருக்கேக்க எங்களுக்குக் கஞ்சா எண்டால் ஒரே சொல்லு, ஒரே பொருள். "கேரளக் கஞ்சா பிடிபட்டது" எண்டு பேப்பரிலை வரும், அவ்வளவுதான். போன சனிக்கிழமை துணிஞ்சு, இஞ்ச கனடாவிலை உரிமத்தோடை கஞ்சா விக்கிற ஒரு கடைக்குள்ளை போனன். நகைக்கடை மாதிரிக் கண்ணாடிப் பெட்டியள். நிண்ட பெடியன் மரியாதையாத்தான் கதைச்சவன். ஆனால் முதல் கேள்வியே "இண்டிகாவா, சட்டீவாவா, ஹைபிரிட்டா?" எண்டு. பேந்து ஒண்டுக்கு இருபது எண்டான், ரேர்பீன் எண்டான். 20 நிமிசம் நிண்டிட்டு வெறுங்கையோடை திரும்பி வந்திட்டன்.

எனக்கு இதைப்பற்றி ஒண்டும் தெரியாது எண்டு நினைச்சு, அடியிலை இருந்து சொல்லித் தாங்கோ. என்னென்ன வகை இருக்கு? அப்பாவின்ரை வயதுக்கு எது? அந்தச் சிவப்புச் சதுரத்தை என்ன செய்ய?

---

கவுண்டர்_தம்பி எழுதியது:

அக்கா, முதல் வேலையா அந்த ரண்டு கம்மீஸையும் குளிர்ப்பெட்டியிலை இருந்து எடுத்துப் பூட்டுற இடத்திலை வையுங்கோ. வீட்டிலை சின்னப் பிள்ளையள் இருக்கினமோ தெரியாது. சீனி போட்ட சிவப்புச் சதுரத்தை எந்தப் பிள்ளையும் இனிப்பெண்டுதான் வாயிலை போடும். பொதி இல்லாமல் அது என்ன, எவ்வளவு எண்டு ஆராலையும் சொல்லேலாது. அந்த ஐயாவிட்டை பொதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கோ. எட்டு மூலைச் சிவப்பு அடையாளத்துக்குள்ளை இலையும் டி.எச்.சி. எண்ட எழுத்தும் இருக்கவேணும், வரி முத்திரை ஒட்டியிருக்கவேணும். ரண்டும் இல்லாட்டில் அது கள்ளச் சாமான். குப்பை.

நான் ஸ்காபரோவிலை உரிமம் உள்ள கடை ஒண்டிலை நாலு வருசம் கவுண்டரிலை நிண்டனான். இப்ப வேறை வேலை. உங்களை மாதிரி வெறுங்கையோடை திரும்பிப்போன எங்கடை அம்மாமாரை, ஐயாமாரைக் கனபேரைப் பாத்திருக்கிறன். ஒவ்வொருதரும் போகேக்கயும் மனம் கேக்காது, எங்கடை பாசையிலை சொல்ல ஒருத்தரும் இல்லையே எண்டு. அதாலை கொஞ்சம் நீட்டியே எழுதுறன்.

இண்டிகா எண்டால் சோர வைக்கும், சட்டீவா எண்டால் உசார் தரும், ஹைபிரிட் ரண்டும் கலந்தது. எல்லாக் கடையிலும் இதைத்தான் சொல்லுவினம். முதல் ஆறு மாதம் நானும் இதைச் சொல்லித்தான் வித்தனான். பிறகுதான் விளங்கினது, இது நம்பக்கூடிய கணக்கில்லை எண்டு. அந்தப் பேரெல்லாம் செடியின்ரை உருவத்தைப் பாத்து வைச்சது. 1753இலை லின்னேயஸ் கன்னாபிஸ் சட்டீவா எண்டு பேர் வைச்சார். லத்தீனிலை சட்டீவா எண்டால் பயிரிடுறது எண்டுதான் கருத்து. 1785இலை லாமார்க் எண்ட பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலை இருந்து வந்த செடியைப் பாத்து, இது வேறை எண்டு இண்டிகா எண்டார். எங்கடை பக்கத்துச் செடி எண்டதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். நித்திரை வருமோ வராதோ எண்டு ரண்டு பேரும் எழுதி வைக்கேல்லை.

அதுக்குப் பிறகு வளக்கிறவை ஒண்டோடை ஒண்டைக் கலந்து கலந்து இப்ப விக்கிறது கிட்டத்தட்ட எல்லாமே கலப்புத்தான். 2015இலை கனடிய ஆராய்ச்சிக்காரர் கொஞ்சப்பேர் இந்த வகைகளின்ரை மரபணுவை எடுத்துப் பாத்தவை. ஜமைக்காவின்ரை ஒரு வகை, நூறு வீதம் சட்டீவா எண்டு சொல்லப்பட்டது, ஆப்கானிஸ்தானின்ரை நூறு வீத இண்டிகா எண்டு சொல்லப்பட்ட ஒண்டோடை கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்திச்சுது. அதை வாசிச்ச அண்டைக்குப் பிறகு நான் ஆரிட்டையும் "இண்டிகாவா சட்டீவாவா" எண்டு கேக்கேல்லை.

அப்ப எதைப் பாக்கிறது? பொதியிலை இருக்கிற ரண்டு இலக்கம். ஒண்டு டி.எச்.சி., மற்றது சி.பி.டி., ரண்டும் இந்தச் செடியிலை இருக்கிற இரசாயனப் பொருள்.

டி.எச்.சி.தான் தலைக்கு ஏறுறது. சந்தோசம், நித்திரை, பசி தாறதும் அதுதான். கூடிப்போனால் நெஞ்சுப் படபடப்பு, பயம், தலைச்சுத்து தாறதும் அதுதான். இஸ்ரேலிலை மெக்கூலம் எண்ட விஞ்ஞானியும் கூட்டாளியும் 1964இலை அதைத் தனியாப் பிரிச்சு எடுத்தவை. 1992இலை அவற்றை ஆய்வுகூடத்திலை இன்னொண்டையும் கண்டுபிடிச்சினம்: டி.எச்.சி. போய் ஒட்டுற அதே இடத்திலை ஒட்டுறதுக்கு எங்கடை மூளை தானே ஒரு பொருளைச் செய்யுது. அதுக்கு வைச்ச பேர் ஆனந்தமைடு. "ஆனந்தம்" எண்ட எங்களுக்குத் தெரிஞ்ச அதே சொல்லுத்தான். இதைச் சொன்னால் கடையிலை எந்த ஐயாவின்ரை முகமும் மலரும்.

சி.பி.டி. தலைக்கு ஏறாது. அதுக்காக அது தண்ணியில்லை. மற்ற மருந்துகளோடை முட்டக்கூடியது. மருந்து படிச்ச ஆரும் இஞ்ச இருந்தால் அதைச் சொல்லுங்கோ, நான் தொடேல்லை.

அந்தப் பெடியன் சொன்ன "ஒண்டுக்கு இருபது" இதுதான்: ஒரு பங்கு டி.எச்.சி.க்கு இருபது பங்கு சி.பி.டி. ஒண்டுக்கு ஒண்டு எண்டால் சரிபாதி. சி.பி.டி. கூடின சாமானும் இருக்கு, டி.எச்.சி. கூடின சாமானும் இருக்கு. உண்மையா வகை பிரிக்கிறதெண்டால் இதுதான் வகை. ரேர்பீன் எண்டது மணம். மாம்பழத்திலை இருக்கிற மிர்சீன், எலுமிச்சந்தோலிலை இருக்கிற லிமோனீன், எங்கடை மிளகிலை காரமா மணக்கிற கரியோபிலீன், எல்லாம் இந்தச் செடியிலும் இருக்கு. மணத்துக்கும் ருசிக்கும் பாக்கலாம். மருந்துக் கணக்குக்கு அதை நம்பிப் போகாதேங்கோ.

பூவை வாங்கிறவை ஏமாறுற இடம் ஒண்டு இருக்கு. நான் நிண்ட காலத்திலை பொதியிலை "டி.எச்.சி. 8" எண்டு ஒரு வரி, "மொத்த டி.எச்.சி. 205" எண்டு இன்னொரு வரி இருக்கும். ஒரு அம்மா எட்டைப் பாத்திட்டு "குறைஞ்சது தாங்கோ தம்பி, இது நல்லது" எண்டு எடுத்தவ. கையைப் பிடிக்காத குறையா மறிச்சனான். பச்சைப் பூவிலை இருக்கிறது அமில வடிவம், அது தலைக்கு ஏறாது. நெருப்புக் காட்டினவுடனை அது டி.எச்.சி.யா மாறும். அந்த மொத்தம்தான் உண்மையான இலக்கம். கிராமுக்கு 205 மில்லிகிராம் எண்டால் 20 வீதத்துக்கு மேலை. தொடங்கிறவைக்கு 100க்குக் கீழை, அதாவது 10 வீதத்துக்குக் கீழை எண்டுதான் கனடா சுகாதாரத் திணைக்களம் சொல்லுது.

ஊரிலை ஒரே சொல்லு எண்டு சொன்னியள். எங்கடை ஆக்களுக்கு முந்தி மூண்டு சொல்லு இருந்தது, அக்கா. இலையை அரைச்சால் பங்கி, பூத்த நுனி கஞ்சா, பிசின் சரஸ். 1893-94இலை பிரிட்டிஷ்காரர் இந்தியாவிலை வைச்ச விசாரணைக் குழுவும் இந்த மூண்டையும் பிரிச்சுத்தான் எழுதினது. ஒரே செடிதான், எந்தப் பாகம் எண்டதுதான் வித்தியாசம், பலமும் அதோடை மாறும். இண்டைக்கும் கடையிலை அதே கதைதான். பூ இருக்கு. ஹாஷ் எண்டு விக்கிறது அந்தச் சரஸ்தான். அதுக்கு மேலை இறுக்கி எடுத்த சத்துச் சாமானுகள், டி.எச்.சி. 80 வீதத்துக்கு மேலையும் போறது. அந்தத் தட்டுப் பக்கமே போகாதேங்கோ. கொஸ்ட்கோவிலை ஹெம்ப் விதை எண்டு விக்கிறதும் இதே செடிக் குடும்பம்தான், அந்த ஹெம்ப் செடியின்ரை பூவிலும் இலையிலும் டி.எச்.சி. 0.3 வீதத்துக்கு மேலை இருக்கேலாது, விதையிலை அதைவிட எவ்வளவோ குறைவு. சலட்டிலை போட்டுச் சாப்பிடலாம், ஒண்டும் செய்யாது.

இனி எப்பிடி உள்ளை போகுது எண்டது. எது எண்டதைவிட இது முக்கியம். இழுத்தால் சில நிமிசத்திலை தெரியும், போதுமெண்டால் நிப்பாட்டலாம். சாப்பிட்டால் ஈரலுக்குப் போய் அங்கை இன்னும் பலமான ஒண்டா மாறித்தான் வெளியிலை வரும். 30 நிமிசத்திலை இருந்து 2 மணித்தியாலம் வரைக்கும் ஒண்டும் தெரியாமல் இருக்கலாம். நாலு மணித்தியாலத்திலும் உச்சம் வரலாம். 12 மணித்தியாலம் வரைக்கும் நிக்கும். கனடாவிலை ஒரு பொதிக் கம்மீஸிலை மொத்தம் 10 மில்லிகிராம் டி.எச்.சி.க்கு மேலை இருக்கேலாது. தொடங்கிறவைக்கு 2.5 அல்லது அதுக்குக் குறைவு. உங்கடை சிவப்புச் சதுரம் 2.5ஆகவும் இருக்கலாம், 10ஆகவும் இருக்கலாம். கள்ளச் சாமான் எண்டால் 100ஆகவும் இருக்கலாம்.

வயதானவைக்கு நான் காட்டினது கூடவும் எண்ணெய். ஊசியில்லாத சிரிஞ்ச் ஒண்டு அதோடை வரும். உதாரணத்துக்கு மில்லிலீற்றருக்கு சி.பி.டி. 50, டி.எச்.சி. 2 எண்டு போத்திலிலை இருந்தால், சிரிஞ்சிலை கால் மில்லிலீற்றர் இழுத்தால் சி.பி.டி. 12.5, டி.எச்.சி. அரை மில்லிகிராம். இப்பிடி அளந்து கொஞ்சம் கொஞ்சமாப் போகலாம். கம்மீஸை வெட்டிப் பாதியாக்கினால் ரண்டு பாதியும் சரிசமன் எண்டு ஒருத்தரும் சத்தியம் பண்ணேலாது.

கடைசியா ஒண்டு. ஊருக்குப் போகேக்க இதிலை எதையும், சி.பி.டி. எண்ணெயைக்கூட, பையிலை வைக்காதேங்கோ. எல்லை தாண்டினால் கனடாச் சட்டப்படியே குற்றம். கொழும்பிலை பிடிபட்டால் நடக்கிறது வேறை.

---

மிசிசாகா_மதுரைக்காரன் எழுதியது:

அக்கா, தம்பி சொன்ன அந்த "2 மணி நேரம்" கணக்கை மட்டும் அழுத்தமா மனசுல வச்சுக்கோங்க. எனக்கு வயசு 34. ரெண்டு வருஷம் முன்னாடி, ஜூலை மாசம், ஃபிரெண்ட்ஸோட ஏரிக்கரையில ஒரு காட்டேஜ் எடுத்துத் தங்கினோம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கம்மீஸ், 10 மில்லிகிராம், கடையில வாங்கினதுதான். ஏழே கால் வரைக்கும் ஒண்ணுமே தெரியல. வேலை செய்யலைன்னு நினைச்சு இன்னொரு பாக்கெட்டப் பிரிச்சு இன்னொண்ணு போட்டேன். எட்டரைக்கு ரெண்டும் சேர்ந்து வந்துச்சு.

வாய் சுத்தமா வறண்டு போச்சு. இதயம் காதுக்குள்ள அடிக்குது. செத்துப்போயிடுவோம்னு நிஜமாவே நம்பினேன். ஊர்ல இருக்கிற அம்மாவுக்கு போன் பண்ணச் சொல்லி அழுதிருக்கேன், பசங்க நல்லவேளை பண்ணல. ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஆஸ்பத்திரியில இதயம், ரத்த அழுத்தம் பார்த்துட்டு, இது தானா இறங்கும்னு பக்கத்துலயே உக்கார வச்சாங்க. விடியக்காலை நாலு மணிக்குத்தான் தரையில கால் படுற மாதிரி இருந்துச்சு. மறுநாள் மத்தியானம் வரைக்கும் நான் வண்டியத் தொடல.

34 வயசு உடம்புக்கே இப்படி. உங்க அப்பா ராத்திரி எழுந்து பாத்ரூம் போறவரு. அந்த நிலையில எழுந்தா விழுந்துருவாரு. தெரியாத கம்மீஸ் வேணாம்க்கா.

---

ஏஜாக்ஸ்_மருந்தாளர் எழுதியது:

சகோதரி, நான் 16 வருடங்களாக ஒன்ராறியோவில் மருந்தாளராக இருக்கிறேன். அந்தத் தம்பி எழுதியது சரி. ஆனால் எந்த வகை என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை இங்கே ஒருவரும் கேட்கவில்லை. அப்பா தினமும் என்னென்ன மருந்து குடிக்கிறார்? ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். கைமருந்து, லேகியம், கடையில் வாங்கும் நோவுக் குளிசை எல்லாமும்.

---

மால்வேர்ன்_மகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மதுரைத் தம்பி, நீங்கள் எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினனான், பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்.

அக்கா, மருந்துகள்: 2016இலை அவருக்கு இதய வால்வு மாத்தினது, இயந்திர வால்வு. அண்டு தொடக்கம் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின். அதோடை மெட்டோபுரொலோல், கொலஸ்ட்ரோலுக்கு அடொர்வஸ்டற்றின். நோவுக்கு ரைலனோல் (பரசிற்றமோல்) ரண்டு, கூடின நாளிலை மூண்டு. பின்னேரத்திலை வேர்க்கொம்புக் கோப்பி.

---

ஏஜாக்ஸ்_மருந்தாளர் எழுதியது:

வார்ஃபரின் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இண்டிகா, சட்டீவா எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். எண்ணெயும் இப்போது வேண்டாம்.

காரணத்தை அப்பாவுக்கும் சொல்லுங்கள். வார்ஃபரினைச் சிதைத்து வெளியேற்றுவது ஈரலில் உள்ள ஒரு நொதியம். சி.பி.டி. அந்த நொதியத்தை மறிக்கிறது. அதே குளிசை, அதே அளவுதான், ஆனால் உடம்புக்குள் வார்ஃபரின் தங்கிக் கூடும். ஐ.என்.ஆர்., அதாவது இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் பரிசோதனை இலக்கம், ஏறும். முதலில் பல் துலக்கும்போது முரசில் இரத்தம், தோலில் நீலக் கண்டல். அதோடு நிற்காமல் வயிற்றுக்குள்ளோ தலைக்குள்ளோ கசிந்தால் உயிருக்கே ஆபத்து. டி.எச்.சி.யும் அதோடு சேர்ந்து தலைச்சுற்றுத் தரும். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மெட்டோபுரொலோல் எடுப்பவர் சட்டென்று எழும்பினால் இரத்த அழுத்தம் விழும். வார்ஃபரின் குடிப்பவர் இரவில் விழுந்து தலை அடிபடுவதுதான் நான் மிகவும் பயப்படும் விஷயம். "தலைக்கு ஏறாது, இயற்கையானது" என்று சொல்லிச் சி.பி.டி.யை விற்கும்போது இந்தப் பக்கம் சொல்லப்படுவதில்லை. அதில் எனக்குக் கோபமே உண்டு.

இதற்காக வாழ்நாள் முழுவதும் கூடாது என்றில்லை. குடும்ப வைத்தியரும் வார்ஃபரினைக் கவனிப்பவர்களும் தெரிந்திருந்து, ஐ.என்.ஆரை அடிக்கடி பார்த்து, மெல்ல மெல்லச் செய்யலாம். ஆனால் அந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். 2023இல் வியன்னாவில் முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 மில்லிகிராம் வரை சி.பி.டி. கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் போலி மருந்தை விட நோவு கூடுதலாகக் குறையவில்லை. தம்பி உதாரணம் சொன்ன போத்திலில் கால் மில்லிலீற்றரில் வருவது வெறும் 12.5 மில்லிகிராம்.

ரைலனோல் இரண்டா மூன்றா என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். தினமும் எடுத்தால் அதுவும் ஐ.என்.ஆரைக் கூட்டும். இபுப்ரோஃபென் வகை நோவுக் குளிசைகளை எவர் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். முழங்காலுக்கு, டென்மார்க்கில் தொடங்கி இப்போது கனடாவிலும் நடக்கும் கிளாட் என்ற உடற்பயிற்சித் திட்டம் பற்றிக் கேளுங்கள். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிகள்தான். என்னிடம் வரும் இரண்டு ஐயாமார் அதில் சேர்ந்து, படியில் ஏறும்போது கைபிடியை விட்டிருக்கிறார்கள்.

---

கவுண்டர்_தம்பி எழுதியது:

வார்ஃபரின் எண்டதைப் பாத்தவுடனை எனக்குக் கை குளிர்ந்திட்டுது, அக்கா. கடையிலை எங்களுக்கு மருத்துவ ஆலோசனை சொல்ல அனுமதியில்லை. அதாலை மருந்துகளைப் பற்றி ஒருதரும் கேக்கிறதுமில்லை. நாலு வருசத்திலை எத்தனை ஐயாமார் அந்த எண்ணெய்ப் போத்திலை என்ரை கையாலை வாங்கிக்கொண்டு போயிருப்பினம். இண்டைக்கு இரவே கூட வேலை செய்த பெடியள் எல்லாருக்கும் எழுதுறன்: எண்ணெய் கேட்டு வயதானவை வந்தால் "மருந்தாளரிட்டைக் கேட்டிட்டு வாங்கோ" எண்ட ஒரு வசனத்தையாவது சொல்லச் சொல்லி.

---

மால்வேர்ன்_மகள் எழுதியது:

பத்து நாளைக்குப் பிறகு எழுதுறன்.

ஐ.என்.ஆர். பாத்தாச்சு, சரியாத்தான் இருக்கு. ரைலனோல் கணக்கை வைத்தியரிட்டைச் சொன்னன், எழுதிக்கொண்டவர். கிளாட்டுக்குப் பேர் குடுத்தாச்சு.

அந்த ஐயாவை வீட்டை கூப்பிட்டனான். தேத்தண்ணி குடுத்துப்போட்டுப் பொதியைக் கேட்டன். சட்டைப்பையிலையே வைச்சிருந்தவர். நீங்கள் சொன்ன சிவப்பு அடையாளமும் முத்திரையும் இருந்திச்சு. உள்ளை ரண்டு துண்டு, மொத்தம் 10 மில்லிகிராம் டி.எச்.சி. அப்ப ஒண்டு 5, தொடங்கிற அளவின்ரை ரண்டு மடங்கு. ரிஷ்யூவிலை இருந்த ரண்டையும் அவரிட்டையே திருப்பிக் குடுத்திட்டன். வார்ஃபரின் கதையைச் சொல்லேக்க மனுசன் கண்ணாடியைக் கழட்டி மேசையிலை வைச்சிட்டார். அப்பாவுக்கு நல்லது செய்ய நினைச்சுத்தானே குடுத்தவர். பேந்து தன்ரை பேர்சிலை இருந்து மடிச்ச மருந்துச் சீட்டை எடுத்து, "பிள்ளை, என்ரையையும் ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்" எண்டார். நாலு மருந்து. அதிலை ஒண்டு குளோபசாம், வலிப்புக்காம். அவர் எட்டு மாதமா இரவிலை இந்தக் கம்மீஸ் போடுறவர்.

அக்கா, அவருக்கு என்ன சொல்ல?

---

ஏஜாக்ஸ்_மருந்தாளர் எழுதியது:

குளோபசாமை அவராக நிறுத்த வேண்டாம், அதை முதலில் சொல்லுங்கள். கம்மீஸை இன்று இரவு போட வேண்டாம். குளோபசாமும் டி.எச்.சி.யும் இரண்டுமே தூக்கத்தைக் கூட்டும். பொதியில் சி.பி.டி.யும் இருந்தால் குளோபசாம் உடம்பில் தங்கிக் கூடும், அந்த இலக்கத்தையும் பாருங்கள். நாளைக்கே அவர் மருந்து எடுக்கும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நாள்பட்ட நோய்க்கு மூன்று மருந்தோ அதற்கு மேலோ எடுப்பவர்களுக்கு மெட்ஸ்செக் என்று ஒன்று இருக்கிறது, ஒன்ராறியோவில் இலவசம். மருந்தாளர் அவரோடு இருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சீட்டோடு அந்தப் பொதியையும் சட்டைப்பையில் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.